அத்தியாயம் 7: இறைக்க மறுக்கும் மிசின்

ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மானிப்பாய், சுதுமலை, சண்டிலிப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இறைப்பு மிசின் தேவைப்படாது. தண்ணீர் வேலையை மாரி பார்த்துக்கொள்ளும். மிசின் கொட்டில் மூலையில், மேலே ஒரு சாக்கு போட்டபடி, தாங்கியில் அரைவாசிப் பெற்றோலோடு கிடக்கும். தை பிறந்து மண் வெடிக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்துக் கயிற்றை இழுப்பீர்கள். பத்துத் தரம் இழுத்தும் ஒரு செருமல்கூட வராது. வெங்காயப் பாத்தி காத்திருக்கும். மெக்கானிக்கின் கொட்டிலிலோ உங்களுக்கு முன்னால் பலருடைய மிசின் வரிசையில் நிற்கும்.

இந்த அத்தியாயம் அந்தக் காலைக்கானது. நம் தோட்டங்களில் பரவலாக உள்ள, 2 அங்குல வாயும் 5 குதிரைவலுவை ஒட்டிய ஃபோர் ஸ்ரோக் எஞ்சினும் கொண்ட சிறிய மிசினையே எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் அளவுகள் ஹொண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்கும், அதைப் பார்த்துச் செய்த சீன எஞ்சின்களுக்கும் உரியவை. உங்கள் மிசினோடு வந்த புத்தகம் வேறு சொன்னால் புத்தகம் சொல்வதையே கேளுங்கள். ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் மார்கழிக் குளிரில் பனி அள்ளும் மிசினை இழுத்து இழுத்துக் களைப்பதும் பெரும்பாலும் இதே வகை எஞ்சினோடுதான், இதே வருத்தத்துக்காகத்தான். அங்கே அது கோடையில் கிடந்து பழுதாகிறது, இங்கே மாரியில்.

தெரிந்திருக்க வேண்டிய விஞ்ஞானம் இவ்வளவே: எஞ்சினுக்கு நல்ல எண்ணெய், நல்ல பொறி, நல்ல அமுக்கம் மூன்றும் வேண்டும். பம்புக்கு ஒன்றே ஒன்று வேண்டும்: உறிஞ்சும் குழாய்க்குள் காற்றுப் போகக் கூடாது. ஆகவே முதற் கேள்வி, வருத்தம் எந்தப் பாதிக்கு என்பது. எஞ்சின் எழும்பவில்லையா, அல்லது எஞ்சின் ஓடியும் தண்ணீர் வரவில்லையா? இரண்டாவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் எஞ்சினில் கை வைக்காதீர்கள். பம்ப் பற்றிய பகுதிக்கு நேரே போங்கள்.

தொடங்குமுன்: உயிருக்கு ஆபத்தானவை

மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். கோடை முற்றி நீர் மட்டம் கீழே போகும்போது இந்த யோசனை எல்லோருக்கும் வரும். உள்ளே ஒரு தட்டுக் கட்டி, மிசினை அதில் இருத்திவிட்டால் தண்ணீர் கிட்ட வந்துவிடும் என்று தோன்றும். எஞ்சின் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் இல்லாத கிணற்றில் அது தங்கிவிடும். மிசினை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். ஒரே கிணற்றில் இருவர் மூவர் இறந்துபோவது இப்படித்தான். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். மேலே நின்று கயிறு கொடுங்கள், ஆட்களைக் கூப்பிடுங்கள், 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். நீர் எட்டாத கிணற்றுக்கு மருந்து, தண்ணீருக்குள்ளேயே இருந்து தள்ளும் மின் பம்ப்தான். பெற்றோல் மிசினுக்கு அங்கே இடமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

1. எந்தப் பகுதியைத் தொடுமுன்னும் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கைதவறி எஞ்சின் சுழன்றாலும் பற்றாது.
2. ஓடிய மிசினை அரை மணி ஆறவிடுங்கள். சைலன்சர் சுட்ட புண் ஆற நாளெடுக்கும்.
3. சூடான எஞ்சினில் பெற்றோல் ஊற்ற வேண்டாம். பீடி, சுருட்டு, அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.
4. வேலையைக் கிணற்றுக் கட்டில் வைத்துச் செய்யாதீர்கள். பத்தடி தள்ளிச் சாக்கோ தகரமோ விரித்துச் செய்யுங்கள். நமக்குக் கீழே இருப்பது ஓட்டையும் வெடிப்புமான சுண்ணாம்புக் கல். கிணற்றடியில் சிந்திய எண்ணெய் மண்ணோடு நின்றுவிடாது, அடுத்த வளவுக் கிணற்றுக்கும் போகும். பக்கத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் தீர்ப்பைக் கண்டது. கழிவு ஒயிலைப் போத்தலில் பிடித்து வாகனக் கராஜில் கொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

10, 12 மில்லிமீற்றர் ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், தட்டையான ஸ்குறூ டிறைவர், பழைய பல் துலக்கி, துணி, ஒரு வெள்ளைக் கிண்ணம், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப், பழைய வயரில் இருந்து உரித்தெடுத்த ஒற்றைச் செப்பிழை. புதிய பிளக் ஒன்றும் வாங்கி வைத்திருங்கள். விலை அதிகமில்லை; சந்தேகம் வரும்போது மாற்றிப் பார்த்தால் பாதி ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடும். கைபேசியும் ஒரு கருவிதான். எதைக் கழற்றுமுன்னும் ஒரு படம் எடுங்கள்.

எஞ்சின் எழும்பவில்லை

வரிசை மாறாமல் செய்யுங்கள். காபரேற்றரை உடனே கழற்றிப் பரப்புவது நம் ஊர்ப் பழக்கம். இந்தப் பட்டியலில் அது ஆறாவதாகத்தான் வருகிறது.

1. வெளிப்பார்வை. சுவிச் போட்டிருக்கிறதா? பெற்றோல் திறப்பு திறந்திருக்கிறதா? குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் மூடியிருக்கிறதா? மிசின் மட்டமாக இருக்கிறதா? கடைசிக் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடக்காதீர்கள். வரம்பில் சாய்த்து வைத்த மிசினில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒயில் குறைவைக் காட்டும் சென்சர் உள்ள எஞ்சின் அதைக் கண்டு பொறியை நிறுத்திவிடும். நீங்கள் பிளக்கையும் கொயிலையும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

2. ஒயில். மட்டமான தரையில் வைத்து, ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒயில் வாய் விளிம்பு வரை நிற்க வேண்டும். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 0.6 லீற்றர். மலிவான எஞ்சின்கள் சிலவற்றில் அந்தச் சென்சரே கிடையாது. ஒயில் இல்லாமலும் அவை ஓடும், பிறகு ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். பால் தேநீர் நிறத்தில் ஒயில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

3. பெற்றோல். மாரிக்கு முன் ஊற்றிய பெற்றோலை மணந்து பாருங்கள். புதியது மூக்கில் சுள்ளென்று ஏறும். பழையது வார்னிஷ் போல மணக்கும். தாங்கியில் மூன்று மாதம் கிடந்த பெற்றோலை நம்ப வேண்டாம். அதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக அரை லீற்றர் ஊற்றுங்கள். பெற்றோல் திறப்பின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். 10 மில்லிமீற்றர் ஸ்பனரால் அதைக் கழற்றித் துடையுங்கள். அடியில் முத்துப்போல உருளும் துளிகள் தெரிந்தால் அவை தண்ணீர்.

4. பிளக். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள், இல்லையேல் அது எஞ்சினுக்குள் விழும். பிளக்கின் முகத்தைப் பாருங்கள். பலதரம் இழுத்த பிறகும் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. பெற்றோலில் நனைந்திருந்தால் ஒன்றில் பொறி இல்லை, இல்லாவிட்டால் சோக்கை மூடியே இழுத்து மூழ்கடித்துவிட்டீர்கள். மூழ்கியதென்றால் திறப்பை மூடி, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு தரம் இழுத்துக் கால் மணி விடுங்கள். உலர்ந்த கரி என்றால் எயார் பில்டர் அடைத்திருக்கும். ஒட்டும் ஒயில் கரி என்றால் உள் தேய்வு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முனை இடைவெளி 0.7 – 0.8 மில்லிமீற்றர்.

   பொறி பார்க்க: பெற்றோல் போத்தலை மூடித் தூர வையுங்கள், சிந்தியதைத் துடையுங்கள், பிளக் துவாரத்தைத் துணியால் மூடுங்கள். பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடல் எஞ்சின் உலோகத்தில் தொடும்படி, துவாரத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். தொப்பியை மட்டும் காய்ந்த துணியால் பிடியுங்கள். நீலப் பொறி டிக்கென்று தெரிந்தால் நல்லது. மங்கல் மஞ்சள் என்றால் புதிய பிளக் போட்டுப் பாருங்கள். அதிலும் பொறியே இல்லையென்றால், கொயிலைச் சந்தேகிக்குமுன் சுவிச்சில் இருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு இன்னொருதரம் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரமேறிய சுவிச்சும், எலி கடித்த வயரும் கொயிலின் மேல் வீண்பழி போடும். ஒன்று நினைவிருக்கட்டும்: வயர் கழற்றியபடி எஞ்சின் எழும்பினால் சுவிச்சால் நிறுத்த முடியாது. பெற்றோல் திறப்பைத்தான் மூட வேண்டும்.

   மீண்டும் பூட்டும்போது முதலில் விரலாலேயே முறுக்குங்கள். இருந்த பிளக் என்றால் அதன்பின் ஸ்பனரால் கால் சுற்றுக்குள், புதியது என்றால் அரைச் சுற்று. அலுமினியப் புரி ஒருதரம் அரைத்துவிட்டால் பிறகு கடைசல் பட்டறைதான்.

5. சொட்டுச் சோதனை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எழுப்புவதற்கு மட்டும் சூப்பிப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல். அதே வித்தை இங்கே நோயறியப் பயன்படும். பிளக் துவாரத்தில் நாலைந்து சொட்டுப் பெற்றோல் விட்டு, பிளக்கைப் பூட்டி, தொப்பியைச் செருகி இழுங்கள். இரண்டு விநாடி உறுமிவிட்டு நின்றால் பொறியும் அமுக்கமும் சரி, காபரேற்றர்தான் குற்றவாளி. உறுமவே இல்லையென்றால் நாலாவது படிக்குத் திரும்புங்கள். எயார் பில்டரைக் கழற்றிவிட்டு அந்த வாயில் பெற்றோல் ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. எஞ்சின் திருப்பி உமிழ்ந்தால் தீ உங்கள் முகத்துக்கு வரும். அதைச் செய்யாதீர்கள்.

6. காபரேற்றர். கீழே.

*குறிப்பு:* கயிறு தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அமுக்கம் போயிருக்கிறது. வால்வு ஒட்டியிருக்கலாம், ஹெட் கேஸ்கற் எரிந்திருக்கலாம். மேலே சொன்ன எதுவும் அதற்கு உதவாது.

காபரேற்றரைக் கழுவுதல்

முழுவதும் கழற்றத் தேவையில்லை. அடிக்கிண்ணத்தை மட்டும் இறக்கினால் பெரும்பாலான வேளையில் போதும்.

1. பெற்றோல் திறப்பை மூடுங்கள். அடியில் வெள்ளைக் கிண்ணத்தை வையுங்கள். வெள்ளையில்தான் குப்பையும் தண்ணீரும் தெரியும்.
2. காபரேற்றரின் வடிகால் திருகைத் தளர்த்தி வருவதைப் பாருங்கள். பச்சையோ கபிலமோ ஆன பசை வந்தால் நோய் அங்கேதான்.
3. நடு அடியில் உள்ள 10 மில்லிமீற்றர் போல்ற்றைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்குங்கள். இறப்பர் வளையம் எங்கே இருந்தது என்று படமெடுங்கள். அது பெற்றோலில் ஊறிப் பெருத்திருந்தால் திரும்பப் பொருந்தாது. நிழலில் காயவிட்டுப் பாருங்கள், இல்லையேல் புதிது வாங்குங்கள்.
4. நடுத் தூணுக்குள் இருக்கும் பித்தளை ஜெற்றை, சரியான அகலமுள்ள தட்டை டிறைவரால் கழற்றுங்கள். சிறிய டிறைவர் போட்டால் அதன் தலை சிதையும். ஜெற்றுக்கு மேலே துளைத்துளையான ஒரு குழல் இருக்கும். அது தானாகவே கீழே விழும்.
5. ஜெற்றை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புதிய பெற்றோலில் ஊறவிட்டு, செப்பிழையால் மெல்லக் குத்தி, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். தையல் ஊசி, ஊக்கு, சைக்கிள் கம்பி எதுவும் வேண்டாம். பித்தளை மெத்தென்றது; துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் மிசின் கறுப்புப் புகை தள்ளிப் பெற்றோலைக் குடிக்கும்.
6. மிதவையை விரலால் உயர்த்தித் தாழ்த்துங்கள். தடங்கலின்றி ஆட வேண்டும். அதன் ஊசியின் கூம்பு முனையில் வளையம் போலத் தடம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். காபரேற்றர் எந்நேரமும் வழிவதற்கு அதுவே காரணம்.
7. எல்லாவற்றையும் படம் பார்த்துத் திரும்பப் பூட்டுங்கள். திறப்பைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டு விழாவிட்டால் மட்டும் எஞ்சினை எழுப்புங்கள்.

எயார் பில்டரையும் இதே சூட்டில் கவனியுங்கள். பஞ்சு வகையைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் எஞ்சின் ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடுங்கள். கடதாசி வகையைத் தட்டி எடுக்கலாமே ஒழியக் கழுவக் கூடாது. செம்மண் புழுதி பறக்கும் பக்கத்தில் பில்டர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டுவது, பிஸ்டனுக்கு அரம் போட்டு அராவுவதற்குச் சமம்.

மண்ணெண்ணெய் மிசின் வைத்திருப்பவருக்கு

மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சினில் தாங்கிக்குள் இரண்டு அறை இருக்கும்: சிறியது பெற்றோலுக்கு, பெரியது மண்ணெண்ணெய்க்கு. எழுப்புவது பெற்றோலில். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே மற்றப் பக்கம் திருப்ப வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். தவறுவது நிறுத்தும்போது. வாய்க்கால் நிறைந்துவிட்டது என்று மண்ணெண்ணெயில் ஓடியபடியே சுவிச்சை அமத்திவிட்டு வீட்டுக்குப் போனால், காபரேற்றர்க் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்கும். அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சின் அதில் எழும்பாது. நிறுத்துவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே பெற்றோலுக்குத் திருப்புங்கள். மறந்துபோனால் வடிகால் திருகைத் தளர்த்திக் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டு இழுங்கள்.

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஒயிலில் கலக்கும். நீங்கள் ஊற்றாமலே ஒயில் மட்டம் உயர்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். மணந்து பாருங்கள், உடனே மாற்றுங்கள். பெற்றோல் எஞ்சினுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருதரம் ஒயில் மாற்றுவதென்றால், இதற்கு 50 மணி என்று வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோலுக்கு மட்டும் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் கலப்பது வேறு கதை. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குத் தாவும் வரை, அந்த ஆசைக்கு ஒரு கணக்காவது இருந்தது. பெற்றோல் எஞ்சினின் அமுக்கம் மண்ணெண்ணெய்க்கு அதிகம். அது தட்டும், சுடும், கரி பிடிக்கும். மிச்சம் பிடித்த காசு பிஸ்டனுக்குப் போகும்.

எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் சுழலும் பம்பில், தண்டைச் சுற்றியுள்ள சீல் சிறிது நேரத்திலேயே சூடாகிக் கருகும். “ஓடட்டும், கொஞ்சத்தில் பிடிக்கும்” என்று விட்டுவிட்டு வரம்பில் நின்று கதைப்பதுதான் சீல் போவதற்கு முதற் காரணம்.

1. நீர் நிரப்புதல். பம்பின் மேல் மூடியைக் கழற்றி, வாய் வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்காவிட்டால் மூடியை இறுக்கி ஓட்டுங்கள். இறங்கிக்கொண்டே போனால் கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வு பிடிக்கவில்லை.

2. புட் வால்வு. உறிஞ்சு குழாயை மேலே இழுங்கள். வால்வின் இறப்பர் நாக்குக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் இலைக் காம்போ, சிறு கல்லோ, நத்தையோ சிக்கியிருக்கும். எடுத்துக் கழுவுங்கள். நாக்கு வெடித்திருந்தால் மாற்றுங்கள். வடியைத் தும்பும் பாசியும் மூடியிருந்தால் பல் துலக்கியால் தேயுங்கள். திரும்ப இறக்கும்போது அடியில் இருந்து ஓர் அடியாவது உயரத்தில் தொங்கவிடுங்கள். சேற்றில் குந்தக் கூடாது. மேலேயும் ஓர் அடி தண்ணீராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும்.

3. காற்றுக் கசிவு. என் கணக்கில், “மிசின் பழுது” என்று கொண்டுபோகப்படும் மிசின்களில் பலவற்றுக்கு இதுதான் வருத்தம். உறிஞ்சு குழாய்க்குள் வெளியைவிட அமுக்கம் குறைவு. ஆகையால் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. வாயில் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புவதே அடையாளம். கண்டுபிடிக்க: மிசின் ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும், கிளிப்பிலும், குழாயின் வெடிப்பிலும் தடிப்பாகக் கிறீஸ் பூசுங்கள். கிறீஸ் இல்லையென்றால் குழைத்த சவர்க்காரம். எந்த இடத்தில் பூசியதும் தண்ணீர் சீராகிறதோ அந்த இடம்தான். இணைப்பின் உள்ளே இருக்கும் இறப்பர் வாஷரை முதலில் மாற்றுங்கள். பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுவது அன்றைய இறைப்பை முடித்துத் தரும், ஒரு போகத்தை முடித்துத் தராது. வெயிலில் கிடந்து வெடித்த குழாயை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது சுருள் உள்ள கடினமான குழாயே வாங்குங்கள். மெல்லிய குழாய் உறிஞ்சும்போது சப்பிவிடும்.

4. உயரம். எந்த மேற்பரப்புப் பம்பும் 10 மீற்றருக்கு மேல் உறிஞ்சாது. இது இயற்கை விதி, கம்பனியின் குறை அல்ல. நடைமுறையில் 7 மீற்றரை நெருங்கும்போதே தண்ணீர் மெலியும். தையில் நன்றாக இறைத்த மிசின் ஆடியில் மந்தமானால் மிசினைத் திட்டுமுன் கயிறு விட்டு நீர் மட்டத்தை அளந்து பாருங்கள். மிசினைக் கிணற்று வாய்க்கு எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு கிட்ட, மட்டமாக வையுங்கள். உள்ளே அல்ல.

5. இம்பெலர். மேலே எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் மெலிந்தால் பம்பின் முன் மூடியைக் கழற்றுங்கள். தும்பு, பன்னாடை நார், பொலித்தீன் துண்டு இம்பெலரைச் சுற்றியிருக்கும். கையால் எடுக்கலாம், ஆனால் பிளக் தொப்பி கழற்றியிருக்க வேண்டும். நம் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது. வெள்ளைப் படிவு பிடித்திருந்தால் மரக்குச்சியால் சுரண்டுங்கள். அலுமினியத்தில் அமிலம் ஊற்றாதீர்கள். இம்பெலரின் இதழ் விளிம்பு தேய்ந்து மெலிந்திருந்தால் புதிது போட வேண்டும்.

6. சீல். எஞ்சினுக்கும் பம்புக்கும் இடையில் அடியில் இருந்து தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. அதை அப்படியே விட்டால் தண்ணீர் எஞ்சின் பக்கத்துக்குப் போய்ப் பெயாரிங்கைத் தின்னும். இம்பெலரைக் கழற்றப் பொறுமையும் பலமும் உள்ளவர் தாமே மாற்றலாம். சீலின் வழுவழுப்பான முகத்தை விரலால்கூடத் தொடாமல் பூட்டுங்கள்.

*குறிப்பு:* மிசின் நன்றாக ஓடும் நாளில் 200 லீற்றர்ப் பரல் ஒன்றை நிரப்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்று பார்த்து, கொட்டில் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். நல்ல நிலையில் உள்ள 2 அங்குல மிசின் ஒரு நிமிடத்துக்குள் நிரப்பும். நோய் வந்திருக்கிறதா, மனப்பிரமையா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

கடலேரிப் பக்கமான நவாலி, அராலி ஓரங்களில் உவர் ஏறிய கிணறு உள்ளவர்கள், இறைத்து முடிந்ததும் பம்புக்குள் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிச் சுற்றிவிட்டு வடித்துவிடுங்கள். உப்பு அலுமினியத்தைப் பொருக்குப் பொருக்காக உரிக்கும்.

கயிறு அறுந்தால்

முன் மூடியின் போல்ற்றுகளைக் கழற்றி மூடியோடு எடுங்கள். அதே தடிப்புள்ள நைலோன் கயிறு வாங்கி, முனையை உருக்கி முடிச்சுப் போட்டு மாற்றலாம். சில்லை முறுக்கி ஒருவர் இறுகப் பிடித்திருக்க, மற்றவர் கயிற்றைக் கோர்ப்பது எளிது. உள்ளே இருக்கும் தட்டை விற்சுருள் கத்தி மாதிரி. சில்லை வெளியே எடுத்தால் பாய்ந்து வெட்டும். சுருளே உடைந்திருந்தால் மூடியோடு முழுப் பாகமாக வாங்குவதே மேல்.

மாரிக்கு முன் படுக்க வைத்தல்

தை மாதத்துத் தொல்லையில் பெரும்பங்கு புரட்டாதியில் செய்யாமல் விட்டதால் வருவது. பெற்றோல் திறப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், காபரேற்றர் காய்ந்துவிடும். தாங்கியை வடித்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே ஒயிலை மாற்றுங்கள். பம்பின் அடித் திருகைக் கழற்றித் தண்ணீரை விடுங்கள். பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெல்ல இழுத்து, இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. குழாய்களைச் சுருட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள், எலிக்கு எட்டாமல்.

எதை மெக்கானிக்கிடம் விடுவது

அமுக்கம் போன எஞ்சின், ஒயில் எரித்து நீலப் புகை தள்ளும் எஞ்சின், உள்ளே தட்டும் எஞ்சின், புரி அரைத்த பிளக் துவாரம். இவை வீட்டு வேலை அல்ல. வால்வு இடைவெளி (குளிர்ந்த நிலையில் உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மில்லிமீற்றர்) பார்க்கத் தகட்டு அளவுகோலும் பழகிய கையும் வேண்டும், ஒருதரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு செய்யலாம். போகும்போது வெறுமனே “ஓடுதில்லை அண்ணை” என்று சொல்லாதீர்கள். பொறி இருக்கிறது, புதுப் பெற்றோல் ஊற்றினேன், ஜெற் கழுவினேன், கயிறு தடையில்லாமல் வருகிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் நேரே ஹெட்டைக் கழற்றுவார். அதைக் கேட்ட பிறகும் புதுக் காபரேற்றர் வாங்கச் சொல்பவரிடம் மிசினை விட்டுவிட்டு வர வேண்டாம்.